உன் லேப்டாப் லினக்ஸ், கடை கம்ப்யூட்டர் விண்டோஸ்: அவசரக்காரங்களுக்கு டிப்ஸ்

மயிலாப்பூர் மாட வீதியில நாட்டு மருந்துக் கடை, தி.நகர்ல புடவைக் கடை, அடையாறுல பல் டாக்டர் கிளினிக். எங்கே எட்டிப் பாத்தாலும் பில் போடற கம்ப்யூட்டர்ல பெரும்பாலும் விண்டோஸ்தான். அந்த மாதிரி ஒரு கடைக்கு பில் புரோகிராம் எழுதித் தரப் போற உன்கிட்ட இருக்கிறது உபுண்டு போட்ட லேப்டாப், இல்லேன்னா ஆபீஸ்ல குடுத்த மேக்புக். "பரவாயில்லக்கா, எமுலேட்டர்ல ஓட்டிப் பாத்துட்டுக் குடுத்துடறேன்"னு சொல்ற. குடு, அதுல தப்பே இல்ல. ஆனா எமுலேட்டர் எதைக் காட்டும், எதை மறைக்கும்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடு. தெரியாம குடுத்தா, சனிக்கிழமை சாயங்காலம் கடையில கூட்டம் நெரியறப்போ உன் போன் அடிக்கும்.

கையில இல்லாத மெஷினுக்கு எமுலேட்டரை வச்சு எழுதறது புதுசா வந்த பழக்கமும் இல்ல. 1975-ல பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் கம்ப்யூட்டருக்கு பேசிக் மொழியை எழுதினப்போ அவங்க கையில ஆல்டேரே கிடையாது. ஹார்வர்டு யுனிவர்சிட்டியில இருந்த பிடிபி-10 மெஷின்ல, ஆல்டேரோட இன்டெல் 8080 சிப் மாதிரியே நடந்துக்கற ஒரு எமுலேட்டரை ஆலன் எழுதினார். பேசிக் முழுசையும் அதுலதான் ஓட்டிப் பாத்தாங்க. காகித நாடாவில அதை ஏத்தி எடுத்துக்கிட்டு ஆலன் ஆல்புகெர்க்கிக்கு விமானம் ஏறினார். போற வழியிலதான் அவருக்கு உறைச்சுது: நாடாவில இருக்கிறதை மெஷினுக்குள்ள ஏத்தற லோடரை யாருமே எழுதல! எமுலேட்டர் அதைக் கேக்கவே இல்லையே. விமானத்துலயே உக்காந்து எழுதினார், போய் இறங்கினதும் ஓடிச்சு. உனக்கு அந்த மாதிரி அவகாசம் கிடைக்காது. மாட வீதிக்கு ஆட்டோ பத்து நிமிஷத்துல போயிடும். அதனால வீட்டுலயே இதெல்லாம் பாத்துடு.

1. முதல்ல கேளு, அப்புறம் எழுது.

கடைக்காரர் கம்ப்யூட்டர்ல 'மை கம்ப்யூட்டர்' மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ் திறந்து, அந்தத் திரையை வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பச் சொல்லு. எந்த விண்டோஸ், 32 பிட்டா 64 பிட்டா, எவ்வளவு ரேம், எல்லாம் அந்த ஒரு போட்டோவில வந்துடும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலயே ஆதரவை நிறுத்திடுச்சு. ஆனா கல்லாப் பெட்டி பக்கத்துல அது இன்னும் உயிரோட இருக்கும். பைத்தான் 3.8-தான் விண்டோஸ் 7-ல ஓடற கடைசிப் பைத்தான். நீ புதுசுல எழுதி முடிச்சுட்டு "ஓடலையே"ன்னு முழிக்காதே. 32 பிட் மெஷின்னா 32 பிட்டுக்குத்தான் கட்டணும் (பில்ட் பண்ணணும்), வேற வழி கிடையாது.

2. கட்டறது வேற, ஓட்டிப் பாக்கறது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே.

முக்கால்வாசிப் பேர் இங்கேதான் நேரத்தை வீணாக்கறாங்க. கட்டறதுக்கு எமுலேட்டர் எப்பவும் தேவைப்படாது. கோ மொழியில எழுதினியா? எந்த இயங்குதளம், எந்த ப்ராசஸர்னு ரெண்டு மாறிகளை மாத்தினா போதும், லினக்ஸ்லயே விண்டோஸுக்கான கோப்பு தயார். சி, சி++-ஆ? மிங்கிடபிள்யூ-டபிள்யூ64 கம்பைலரைப் போட்டுக்கோ. கட்டினதை ஓட்டிப் பாக்க மட்டும், விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்டற வைனையோ, விஎம்மையோ (விர்ச்சுவல் மெஷின்) திற.

பைத்தான் மட்டும் விதிவிலக்கு. பைஇன்ஸ்டாலர் எந்த இயங்குதளத்துல ஓடுதோ அதுக்கு மட்டும்தான் கட்டும். லினக்ஸ்ல உக்காந்து விண்டோஸ் இஎக்ஸ்இ கேட்டா தராது. வைனுக்குள்ள விண்டோஸ் பைத்தானைப் போட்டு, அங்கேயே பைஇன்ஸ்டாலரை ஓட்டறது ஒரு வழி. எனக்குப் பிடிச்ச வழி வேற: கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல நிஜ விண்டோஸ் மெஷினே கிடைக்கும், அதுகிட்ட வேலையை விட்டுடு. எல்லாரும் பாக்கற கோடுன்னா காசு இல்ல. பூட்டி வச்ச கோடுன்னா இலவசக் கணக்குக்கு மாசம் 2,000 நிமிஷம். ஆனா விண்டோஸ்லயும் மேக்லயும் ஓடற நிமிஷத்துக்கு லினக்ஸை விட அதிகமாக் கழிப்பாங்க. தட்டச்சுப் பிழை திருத்தற ஒவ்வொரு தடவையும் ஓட விடாதே.

3. வைன் ரொம்பத் தாராளம். அதுதான் ஆபத்து.

வைன் 1993-ல ஆரம்பிச்சது, 1.0 பதிப்பு வர 2008 ஆச்சு. விண்டோஸ் புரோகிராம் கேக்கற ஒவ்வொரு சேவையையும் லினக்ஸ் சேவையா மாத்திக் குடுக்கும். ப்ராசஸர் அதேதான்கறதால வேகமும் பெருசாக் குறையாது. அருமையான வேலை, அந்த ஆளுங்களுக்குக் கோயில் கட்டலாம். ஆனா நிஜ விண்டோஸ் "கூடாது"ன்னு மறுக்கற சில விஷயத்தை வைன் "சரி, பண்ணிக்கோ"ன்னு விட்டுடும். நீ அங்கே பாஸாகி, கடையில ஃபெயிலாவே. நான் திரும்பத் திரும்பப் பாக்கற இடங்களைச் சொல்றேன்:

- டேட்டாபேஸை இஎக்ஸ்இ பக்கத்துலயே வைக்காதே. வைன்ல 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்'ங்கறது உன் ஹோம் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஒரு சாதாரண ஃபோல்டர். என்ன வேணா எழுதலாம். நிஜ விண்டோஸ்ல சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. சில பழைய மாதிரிப் புரோகிராம்களுக்கு மறுக்கவும் மறுக்காம, வேற மறைவான ஃபோல்டர்ல எழுதி வச்சுடும். அப்புறம் "நேத்து போட்ட பில்லைக் காணோம்"னு கடையில உன்னைத்தான் கேப்பாங்க. டேட்டாவை ஆப்டேட்டா ஃபோல்டர்ல வை.

- 'இசட்' டிரைவைத் தொடாதே. வைன் உன் லினக்ஸ் முழுசையும் இசட் டிரைவாக் காட்டும். கோட்ல எங்கேயாவது அந்த எழுத்து ஒளிஞ்சிருக்கான்னு தேடிப் பாத்துட்டு அனுப்பு. கடையில அப்படி ஒரு டிரைவே இருக்காது.

- டிஎல்எல் எல்லாம் கூடவே போகுதான்னு பாரு. விஷுவல் சி++ ரன்டைமுக்கு வைன்ல சொந்தமாவே மாற்று இருக்கு, அதனால குறையே தெரியாது. கடை மெஷின்ல புரோகிராமைத் திறந்த உடனே "இந்த டிஎல்எல் இல்லை"ன்னு பெட்டி வந்து நிக்கும். மிங்கிடபிள்யூல கட்டினா ஸ்டாட்டிக்கா இணைச்சுடு, தலைவலி விட்டுது.

- ஒவ்வொரு வேலைக்கும் தனி வைன் ப்ரிஃபிக்ஸ், அதாவது தனி வைன் ஃபோல்டர், வை. ஒரே ப்ரிஃபிக்ஸ்ல எல்லாத்தையும் கொட்டினா, முந்தின வேலைக்குப் போட்ட டிஎல்எல் இந்த வேலையைக் காப்பாத்திட்டிருக்கும். அனுப்பறதுக்கு முன்னால புத்தம்புது ப்ரிஃபிக்ஸ்ல ஒரு தடவை ஓட்டு.

- ரூட்டா வைனை ஓட்டாதே. விண்டோஸ் வைரஸ் வைனுக்குள்ளயும் ஓடும். இசட் டிரைவ் வழியா உன் போட்டோ, சர்டிபிகேட் எல்லாம் அதுக்கு எட்டற தூரம்தான்.

4. தமிழ்! இதுல கொஞ்சம் நிதானமா நில்லு.

நம்ம ஊர்ல பில்லுல 'வெந்தயம்' தப்பா வந்தா கடைக்காரர் உன் கணக்கு சரியான்னு பாக்கவே மாட்டார், முதல்ல முகம்தான் சுளிப்பார். அது நியாயம்தான்.

தெர்மல் பிரிண்டர்ல தமிழைப் படமா வரைஞ்சு அனுப்பறதுதான் நம்பகமான வழி. 80 மில்லிமீட்டர் ரோல்ல அகலம் பொதுவா 576 புள்ளி, 58 மில்லிமீட்டர் ரோல்ல 384. பைத்தான்ல பில்லோ லைப்ரரியை வச்சு வரைவே. உன் உபுண்டுவில அழகா வரும். அதையே விண்டோஸ்ல ஓட்டினா 'வெ'-க்கு இருக்கிற ஒற்றைக்கொம்பு முன்னால வராம, 'வ'-க்குப் பின்னால போய் உக்காந்துடும். 'கொத்தமல்லி' மொத்தமும் கலைஞ்சுடும். காரணம் என்னன்னா, எழுத்துகளைச் சேர்த்து அடுக்கற ராக்ம் பகுதிக்கு ஃப்ரிபிடின்னு இன்னொரு லைப்ரரி வேணும். லினக்ஸ்ல அது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸ்ல அந்த டிஎல்எல்லை நீதான் கூட வைக்கணும். இல்லாட்டா பில்லோ சத்தம் போடாம, சாதாரண அடுக்கு முறைக்குத் தாவிடும். எர்ரரே வராது, அதான் கொடுமை. அதனால புரோகிராம் திறக்கறப்பவே ராக்ம் இருக்கான்னு சோதிக்கற ஒரு வரியைப் போடு. வைன்லயே மாட்டிக்கும்.

ஃபான்டையும் நம்பி விடாதே. லதா ஃபான்ட் விண்டோஸ்ல பழைய காலத்துலேந்து இருக்கு, நிர்மலா யுஐ விண்டோஸ் 8-லேந்துதான் வந்துது. வைன்ல ரெண்டும் கூட வராது. அங்கே தமிழ் தெரிஞ்சா அது உன் லினக்ஸ்ல இருந்து கடன் வாங்கின ஃபான்டா இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்டைப் புரோகிராமோடயே சேத்து அனுப்பு. அதோட உரிமம் அதுக்கு இடம் குடுக்குது.

கோப்பைத் திறக்கற இடத்துல எல்லாம் யுடிஎஃப்-8-ன்னு வாயைத் திறந்து சொல்லு. லினக்ஸ்ல சொல்லாட்டாலும் அதான். விண்டோஸ்ல சொல்லாட்டா பழைய ஆங்கிலக் குறியீட்டை எடுத்துக்கும், தமிழ் எழுத வந்த உடனே புரோகிராம் படுத்துடும். எக்செல்ல திறக்கறதுக்குக் குடுக்கற சிஎஸ்வி கோப்புக்குத் தலையில பிஓஎம் குறியைச் சேத்துடு. இல்லேன்னா வாடிக்கையாளர் பேர் பூரா புரியாத கிறுக்கலாத்தான் தெரியும். உன்கிட்ட இருக்கிற லிப்ரேஆபீஸ் குறியீடு என்னன்னு கேட்டுட்டுத் திறக்கறதால, இந்தக் குறை உன் கண்ணுல படாது.

இன்னொண்ணு, பழைய சரக்குப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் பாரு. 2010-லயே தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு. இருந்தாலும் கடைப் பட்டியல் பாமினி ஃபான்ட்ல இருக்கலாம். ஃபான்ட் இல்லாம திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தாத் தெரியும். அதை யுனிகோடா மாத்தற வேலைக்குத் தனியா காசு பேசிக்கோ, கூச்சப்படாதே.

5. பிளக் மாட்டற சாமான் எதையும் வைன்ல சோதிச்சேன்னு சொல்லாதே.

ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கையெழுத்துப் போடற யுஎஸ்பி டோக்கன், பார்கோடு பிரிண்டர், எடைத் தராசு: இதுக்கெல்லாம் விண்டோஸ் டிரைவர் வேணும். வைன் அந்த டிரைவரை ஏத்தாது. சீரியல் போர்ட்ல பேசற தராசுன்னா லினக்ஸ் போர்ட்டை காம் போர்ட்டா காட்டி ஒப்பேத்தலாம். மத்ததுக்கு விஎம்ல விண்டோஸைப் போட்டு, யுஎஸ்பியை உள்ளே திருப்பி விடு.

6. விஎம் போடறியா?

பயாஸ்ல வெர்ச்சுவலைசேஷன் அணைஞ்சு கிடக்கான்னு முதல்ல பாரு. அது தெரியாம "விர்ச்சுவல்பாக்ஸ் மோசம்"னு திட்டற பிள்ளைங்க ஏராளம். 8 ஜிபி ரேம் இருந்தா பாதிக்கு மேல உள்ளே குடுக்காதே, ரெண்டுமே திணறும். விஎம் டிஸ்க்கை பென் டிரைவ்ல வைக்காதே. சுத்தமா இன்ஸ்டால் பண்ணின உடனே ஒரு ஸ்னாப்ஷாட் எடு. ஒவ்வொரு சோதனையும் அந்த ஸ்னாப்ஷாட்லேந்துதான். ஏன்னா உன் கம்பைலரும் பைத்தானும் ஏற்கெனவே இருக்கிற விண்டோஸ்ல ஓடினது ஒரு சாட்சியே இல்ல. கடையில அதெல்லாம் இருக்காது.

திருட்டு விண்டோஸ் வேண்டவே வேண்டாம். இதை மட்டும் கோவமாவே சொல்றேன். யாரோ உடைச்சுக் குடுத்த விண்டோஸ்ல வைரஸ் இருந்தா, அது நீ கட்டற இஎக்ஸ்இக்குள்ள ஏறி, உன்னை நம்பின கடைக்காரர் கணக்குல போய் விழும். மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 11 என்டர்பிரைஸை 90 நாள் சோதிச்சுப் பாக்கத் தருது. ஒரு வேலைக்கு அது தாராளம். லேப்டாப்புக்கு ரேம் பத்தலேன்னா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ரேம் வாங்கு, பில்லும் வாங்கு.

7. மேக் வச்சிருக்கிறவங்க தனியா கேளுங்க.

2020 நவம்பர்லேந்து வர்ற ஆப்பிள் சிப் மேக்ல ப்ராசஸரே வேற குடும்பம், ஆர்ம். சாதாரண விண்டோஸ் அதுல விஎம்மா வேகமா ஓடாது. ஆர்ம் விண்டோஸ் 11-தான் ஓடும், அது உன் இஎக்ஸ்இயைத் தன் பங்குக்கு எமுலேட் பண்ணும். புரோகிராம் ஓடிடும். ஆனா டிரைவர் ஓடாது, டிரைவர் ஆர்முக்குன்னே எழுதியிருக்கணும். பிரிண்டர் சோதனையை அங்கே முடிச்சுட்டதா நினைக்காதே.

சர்வருக்கு டாக்கர் இமேஜ் கட்டறவங்க: பிளாட்ஃபார்மை வெளிப்படையாக் குறிப்பிடு. மறந்தா உன் மேக்ல ஓடும், இன்டெல் வகை சர்வர்ல ஏத்தின உடனே படுத்துடும். குறிப்பிட்டா கியூஎம்யூ மாதிரி எமுலேட்டர் ஒண்ணு உள்ளே வந்து வேற ப்ராசஸர் மாதிரி ஒவ்வொரு கட்டளையா மொழிபெயர்க்கும். கியூஎம்யூன்னா பல மடங்கு மெதுவு. சித்திரை வெயில்ல லேப்டாப் தோசைக்கல்லாயிடும், மெத்தை மேல வச்சுட்டு ஓட விடாதே. கம்பைல் பண்றதை மேக்கோட சொந்த வேகத்துல கிராஸ் கம்பைலரால முடிச்சுட்டு, கடைசிக் கட்டத்தை மட்டும் எமுலேஷனுக்கு விடு.

கியூஎம்யூவை மட்டமா நினைக்காதே, கண்ணு. கையில இல்லாத ப்ராசஸருக்கு எழுதணும்னா அதான் துணை. நம்ம ஐஐடி மெட்ராஸ்ல சக்தி ப்ராசஸரை உருவாக்கினாங்களே, அது ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு. உன் லேப்டாப் இன்டெல்லா இருந்தாலும் கியூஎம்யூல ரிஸ்க்-ஃபைவ் மெஷினை எழுப்பி, அதுல லினக்ஸை ஏத்தி, உன் புரோகிராமை ஓட்டிப் பாக்கலாம். சக்தி சிப்பு 2018-ல இன்டெல்லோட 22 நானோமீட்டர் முறையில தயாராகி வந்து, லினக்ஸை நிஜமாவே பூட் பண்ணிச்சு. சிப்பைக் கையில வாங்கறதுக்கு முன்னால சிமுலேட்டர்லயும் எஃப்பிஜிஏ போர்டுலயும் ஓட்டி ஓட்டிப் பாக்கறதுதான் இந்தத் தொழிலோட வழக்கம். கிண்டி பக்கம் படிக்கிற பிள்ளைங்க இதை விளையாட்டா இல்லாம ஒழுங்காக் கத்துக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

8. போன் ஆப் எழுதறவங்களுக்கு ரெண்டே வரி.

கம்ப்யூட்டர்ல ஓடற ஆண்ட்ராய்டு எமுலேட்டர் பெரும்பாலும் இன்டெல் வகை, வாடிக்கையாளர் போன் ஆர்ம் வகை. சி-ல எழுதின பகுதி ஏதாவது இருந்தா ரெண்டுக்கும் கட்டினியான்னு பாரு. ஐபோனுக்கு எக்ஸ்கோட் வேணும், எக்ஸ்கோடுக்கு மேக் வேணும். மத்த கம்ப்யூட்டர்ல மேக் ஓஎஸ்ஸைத் திணிக்கறது ஆப்பிள் உரிமத்துக்கே விரோதம். நேரத்தையும் மானத்தையும் மிச்சம் பண்ணு.

9. நீ விண்டோஸ், சர்வர் லினக்ஸா?

டபிள்யூஎஸ்எல் 2 போட்டுக்கோ. அதுக்குள்ள நிஜ லினக்ஸ் கெர்னலே ஓடுது. ஆனா ப்ராஜெக்டை சி டிரைவ்ல வச்சுட்டு அங்கிருந்து எட்டிப் பிடிக்காதே, ஊரும். லினக்ஸ் ஹோம் ஃபோல்டர்லயே வை. கோப்புப் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒழுங்கா இருக்கட்டும். விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸ் விடாது. வரி முடிவுக் குறியை கிட் மாத்திடாம அமைப்பை ஒரு தடவை சரி பண்ணி வை.

10. கடைக்குக் கொண்டுபோற அன்னிக்கு.

பைஇன்ஸ்டாலர்ல ஒரே கோப்பா சுருட்டினா ஆன்டிவைரஸ் வைரஸ்னு சந்தேகப்பட்டுத் தூக்கறது அடிக்கடி நடக்கும். ஃபோல்டராவே கட்டு. சுருக்கற கருவி எதையும் சேக்காதே. கையெழுத்து இல்லாத இஎக்ஸ்இன்னா விண்டோஸ் நீலப் பெட்டி போட்டுப் பயமுறுத்தும், கடைக்காரர்கிட்ட முன்னாலயே சொல்லி வை. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி மட்டும் எப்பவும் கேக்காதே.

தி.நகர்ல ஆடித் தள்ளுபடி நேரத்துலயும் தீபாவளிக்கு முந்தின வாரங்கள்லயும் புது சாஃப்ட்வேர் ஏத்தப் போகாதே. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கூட்டம் குறைஞ்சிருக்கும், அப்போ போ. முதல்ல பழைய டேட்டாவைப் பென் டிரைவ்ல எடுத்து அவங்க கையிலயே குடு. அட்மின் கணக்குல ஏத்திட்டு, பில் போடற பொண்ணு எந்தக் கணக்குல வேலை பாக்குமோ அதுல லாகின் பண்ணித் திற. நெட் வயரைப் பிடுங்கிட்டு ஒரு பில், பிரிண்டர்ல பேப்பர் தீந்தப்போ ஒரு பில், யுபிஎஸ் இருந்தா மெயினை அணைச்சுட்டு ஒரு பில், அந்தப் பொண்ணு கையாலயே போடச் சொல்லு. பழைய சாஃப்ட்வேரை அழிக்காதே. ஒரு ஜிஎஸ்டி தாக்கல் முடியற வரைக்கும் ரெண்டும் அதே மெஷின்ல இருக்கட்டும்.